செவ்வாய்க்கிழமை வரும் நெஞ்சடைப்பு

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 39 வயது. குமாரபாளையம் பக்கம் ஒரு தறிப்பட்டறையில் தறிக்கு நூல் தார் சுற்றுகிறேன். வாரம் 2,800 ரூபாய் கிடைக்கும். வீட்டுக்காரருக்கு இடுப்பு டிஸ்க் போய் ஒன்றரை வருஷமாகத் தறி ஓட்ட முடியவில்லை. அவர் வாங்கிய முன்பணம் 80,000 முதலாளியிடம் அப்படியே நிற்கிறது. குழுக் கடன் மூன்று. செவ்வாய் 850, வியாழன் 620, மாதக் கடன் ஒன்று 2,450. ஆறு மாதமாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை விடிந்தாலே நெஞ்சை அடைக்கிறது. அரசு மருத்துவமனையில் ஒன்பது கேள்வி கேட்டார்கள். 17 என்று போட்டு, மனச்சோர்வு நோய் என்று எழுதி, காலையில் ஒரு மாத்திரை, ராத்திரிக்குச் சின்னதாக ஒன்று கொடுத்தார்கள். இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறேன். தூக்கம் கொஞ்சம் வருகிறது. பாலிடெக்னிக் படிக்கும் மகன், மூளையில் ரசாயனம் குறைச்சல் என்று சொல்வதே பொய்யாம், மாத்திரையைத் தூக்கிப் போடு என்கிறான். கடன் குழுவின் சென்டர் லீடருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. “மென்டல் ஆஸ்பத்திரிக்குப் போறவளுக்கு நாங்க எப்படி ஜாமீன் நிக்கிறது” என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டு, அப்புறம் வாசலில் வைத்து அவளும் அழுதாள். சில ராத்திரி இப்படியே போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது. எனக்கு வந்திருப்பது நோயா, கடனா? மாத்திரையை நிறுத்தலாமா? இந்தப் பேர் காலத்துக்கும் என்மேல் ஒட்டிக்கொண்டிருக்குமா?

பதில்: வணக்கம்மா. மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால், போகிற போக்கில் எழுதிவிட்ட அந்த ஒரு வரிக்கு வருகிறேன். “போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை” என்ற நினைப்பை உங்கள் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒன்பதாவது கேள்வி அதைப் பற்றியதுதான். ஆனால் நிறையப் பேர் அதற்கு மட்டும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவார்கள். வீட்டில் மகனுக்கோ கணவருக்கோ, யாராவது ஒருவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மாத்திரை அட்டைகள் கொஞ்ச நாளைக்கு அவர்கள் கையில் இருக்கட்டும். அந்த ராத்திரி நினைப்பு திட்டமாக மாறுகிறது என்று பட்டால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 14416க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலி மனஸ் சேவை, இலவசம், தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம். இல்லையென்றால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

சரி, இப்போது உங்கள் கடிதம். முப்பது வருஷமாக ஓபியில் உட்கார்ந்தவள் நான். வருகிறவர்கள் “எப்பப் பார்த்தாலும் படபடப்பு” என்பார்கள், “எதுவுமே பிடிக்கல” என்பார்கள். உங்கள் கடிதத்தில் கிழமை இருந்தது. செவ்வாய் விடிந்தால் நெஞ்சடைப்பு, செவ்வாய்தான் 850 ரூபாய் டியூ. நோய்க்குக் கிழமை தெரியாது. உடம்புக்கு நன்றாகத் தெரியும். (இருந்தாலும் இதுவரை பார்க்கவில்லையென்றால் ஒரு இசிஜி, ரத்தத்தில் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் மனச்சோர்வு மாதிரியே வேஷம் போடும். எங்களைப் போன்றவர்கள் பலமுறை ஏமாந்திருக்கிறோம்.)

அந்த ஒன்பது கேள்வி எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. அமெரிக்காவில் மனநோய்களுக்கு டிஎஸ்எம் என்று ஒரு கைநூல் உண்டு. அதன் மூன்றாம் பதிப்பு 1980இல் வந்தது. அதற்கு முன்னால் மருத்துவர்களுக்குள்ளேயே பெரிய குழப்பம். ஒரே மாதிரி நோயாளியை நியூயார்க்கில் காட்டினால் மனச்சிதைவு என்பார்கள், லண்டனில் காட்டினால் வேறு பெயர் சொல்வார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ராபர்ட் ஸ்பிட்சர் என்ற மருத்துவர் தலைமையில் பட்டியல் போட்டார்கள். 1987 திருத்தத்தில் மனச்சோர்வுக்கு ஒன்பது அறிகுறி என்று ஆனது. அதில் ஐந்து, குறைந்தது இரண்டு வாரம் இருந்தால் அந்தப் பெயர். உங்களிடம் கேட்ட கேள்வித்தாள் அந்தப் பட்டியலிலிருந்து வந்தது. அதைத் தயாரித்த குழுவிலும் ஸ்பிட்சர் இருந்தார். மனச்சோர்வு மாத்திரை விற்ற ஃபைசர் நிறுவனம் அதற்கு நிதி கொடுத்தது. இதைக் கேட்டதும் உங்கள் மகன் துள்ளிக் குதிப்பான். பொறுங்கள்.

பட்டியலால் ஒரு நன்மை வந்தது. இரண்டு மருத்துவர் ஒரே பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆனால் பட்டியல் அறிகுறிகளை எண்ணும், ஏன் வந்தது என்று கேட்காது. ஒன்பது கேள்வியையும் இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். தூக்கம் இருக்கிறது, பசி இருக்கிறது, சோர்வு இருக்கிறது. எத்தனை கடன், யார் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள், வீட்டில் கைநீட்டுகிறவர் உண்டா என்று ஒரு கேள்வியும் இல்லை. 17 மதிப்பெண் என்றால் நீங்கள் எவ்வளவு துன்பப்படுகிறீர்கள் என்பதற்கு ஒரு கணக்கு. ஏன் என்பதற்கு அதில் விடை இருக்காது.

உங்கள் தொழிலிலேயே சொல்வதானால், பாவில் இழை அறுந்தால் தறி நிற்கும். அறுந்தது உண்மை, நின்றதும் உண்மை. நூல் மட்டமா, கஞ்சி சரியாக ஏறவில்லையா, சித்திரை வெயிலில் காற்று காய்ந்துபோனதா என்று அதற்கப்புறம் பார்க்க வேண்டும். “இழை அறும் நோய்” என்று எழுதி வைத்துவிட்டு முடிச்சு மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் எந்த முதலாளியாவது விடுவாரா? மனுஷி அறுந்தால் மட்டும் அப்படித்தான் செய்கிறோம்.

ஒரு விசித்திரம் சொல்கிறேன். 1980 பட்டியலில் ஒரே ஒரு விலக்கு வைத்திருந்தார்கள். வேண்டியவர் இறந்த துக்கத்தில் இருப்பவருக்கு இந்த அறிகுறிகள் இருந்தாலும் சட்டென்று நோய் என்று எழுதக்கூடாது. அடுத்த பதிப்பில் இறப்புக்குப்பின் இரண்டு மாதம் என்று அதற்கு எல்லை கட்டினார்கள். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்த விலக்கையும் எடுத்துவிட்டார்கள். துக்கத்திலிருப்பவருக்கும் கடுமையான மனச்சோர்வு வரலாம், அவருக்குச் சிகிச்சை கிடைக்காமல் போய்விடக்கூடாது என்று காரணம் சொன்னார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் சந்தேகம் வேறு. சாவுக்காவது முப்பது வருஷம் விலக்கு இருந்தது. வேலை போனதற்கு, கடனுக்கு, அடி வாங்கியதற்கு விலக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கணவர் தவறிவிட்டால் அழுவது இயல்பு, கணவருக்கு இடுப்பு போய் வாசலில் கடன்காரன் நின்றால் அழுவது நோய் என்று யார் முடிவு செய்தது?

“நோயா, கடனா” என்று கேட்டீர்கள். எனக்குத் தெரிந்தவரை, கடன் கொண்டுவந்து விட்ட நோய். இரண்டில் ஒன்றைப் பொய்யாக்க வேண்டியதில்லை. ஆறு மாதம் தூங்காத உடம்பு, காரணம் எதுவானாலும், தன் போக்கில் கெட ஆரம்பித்துவிடும். நாளைக்கே ஒருவர் வந்து மூன்று கடனையும் அடைத்துவிட்டாலும் அன்றைக்கே தூக்கம் வந்துவிடாது. சிகிச்சை அதற்குத்தான். ஆனால் சிகிச்சை மட்டும் நடந்து செவ்வாய்க்கிழமை அப்படியே இருந்தால் நான் எவ்வளவு மாத்திரை எழுதினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர்தான்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமில்லை. லண்டனில் கேம்பர்வெல் என்ற பகுதியில் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இருவர் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் மணிக்கணக்காகப் பேசினார்கள். 1978இல் புத்தகமாக வந்தது. மனச்சோர்வில் விழுந்தவர்களில் பெரும்பாலானோருக்கு அதற்குச் சற்று முன்னால் பெரிய இழப்போ நெருக்கடியோ நடந்திருந்தது. நெருக்கடி வந்த எல்லோரும் விழவில்லை. யார் விழுந்தார்கள் என்று பார்த்தால் நாலு விஷயம் தென்பட்டது. மனம்விட்டுப் பேச ஆள் இல்லாதது, வீட்டில் 14 வயதுக்குள் மூன்று அல்லது அதற்குமேல் பிள்ளைகள், வெளியே வேலை இல்லாதது, 11 வயதுக்குள் அம்மாவை இழந்தது. உழைக்கும் வர்க்கத்துப் பெண்களிடம்தான் இது அதிகம். வெள்ளைக்காரர் ஊரில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்த கணக்கு. ஆனாலும் படிக்கும்போது என் ஓபி வரிசைதான் கண்முன் வந்தது.

நம் நாட்டுக் கணக்கும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2021இல் தற்கொலையில் இறந்தவர்கள் 1,64,033 பேர். அதில் 42,004 பேர் தினக்கூலிகள், நாலில் ஒருவர். இதை மூளைக்கோளாறு என்று மட்டும் சொன்னால், கூலி வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் மூளை ஏன் இப்படிக் கெட்டுப்போகிறது என்று யாராவது விளக்க வேண்டும். இந்தோனேசியாவில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசு நேரடியாகப் பணம் கொடுத்த திட்டம் ஒன்று உண்டு. அது போன இடங்களில் தற்கொலை விகிதம் சுமார் 18 சதவீதம் குறைந்தது என்று 2019இல் பொருளாதார ஆய்வாளர்கள் காட்டினார்கள். மருந்துச் சீட்டில் எழுத முடியாத மருந்து. நம் ஊரிலும் மகளிர் உரிமைத்தொகை மாதம் ஆயிரம் வருகிறது. உங்களுக்கு வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வந்தாலும் அது எந்தக் கிழமையில் காலியாகும் என்று ஊகிக்க முடிகிறது.

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்து மூன்றாவது வருஷம் இருக்கும். ஊர் பெயர் வேண்டாம். காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள் 120 பேரைப் பார்க்க வேண்டும். ஒரு அம்மாளுக்கு மனச்சோர்வு என்று மாத்திரை எழுதினேன். குறையவில்லை. அளவைக் கூட்டினேன், அப்போதும் குறையவில்லை. மாற்றினேன். கேஸ்ஷீட்டில் “மருந்துக்குக் கட்டுப்படவில்லை” என்று எழுதி, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பக் கையெழுத்துப் போடப் போனேன். மாத்திரை கொடுக்கும் ஜன்னலில் இருந்த பார்மசிஸ்ட் அண்ணன் வந்து, “மேடம், அந்தம்மா ஒரு மாசம் விட்டு ஒரு மாசம்தான் வருது. ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடுதாம், பஸ்ஸுக்குக் காசில்லையாம்” என்றார். மகளிருக்கு இலவசப் பேருந்து வருவதற்கு வெகுகாலம் முன்னால் நடந்தது இது. நாலு முறை என் எதிரே உட்கார்ந்த அம்மாளிடம் தூக்கம், பசி, அழுகை எல்லாம் கேட்டிருந்தேன். எப்படி வந்தீர்கள் என்று கேட்கவில்லை. என் பட்டியலில் அந்தக் கேள்வி இல்லை.

பிரிட்டனில் உளவியலாளர் சங்கம் 2018இல் வெளியிட்ட ஒரு சட்டகம், “உனக்கு என்ன கோளாறு” என்பதை விட்டுவிட்டு “உனக்கு என்ன நடந்தது” என்று கேட்கச் சொல்கிறது. யாருக்கு உன்மேல் அதிகாரம் இருந்தது, அது உன்னை எப்படி அச்சுறுத்தியது, பிழைக்க நீ என்ன செய்தாய் என்று போகிறது. நல்ல கேள்விகள். நோய்ப்பெயர்களையே மூட்டை கட்டிவிடலாம் என்கிற இடத்தில் நான் அவர்களோடு இல்லை. மனச்சிதைவில் ஆறு மாதமாகக் குளிக்காமல், காதில் கேட்கும் குரலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த இளைஞனை, “வேலை கிடைக்காத விரக்தி, கல்யாணம் பண்ணினால் சரியாகும்” என்று வீட்டில் வைத்திருந்ததைப் பார்த்தவள் நான். மருந்து கொடுத்தபின் அவன் பஸ் பிடித்துத் தனியே ஓபிக்கு வந்தான். ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் இறந்தார்கள். வைத்தியம் கிடைக்காமல் போனாலும் ஜனங்களுக்குச் சங்கிலிதான் மிஞ்சுகிறது. அதனால்தான் மருத்துவமே வேண்டாம் என்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எச்சரிக்கை உண்டு.

இனி உங்கள் மகன். பையன் சொல்வதில் பாதி சரி. மனச்சோர்வு என்றால் மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் குறைவு என்று ரொம்ப காலம் சொல்லி வந்தோம், விளம்பரத்திலும் அப்படித்தான் வந்தது. 2022இல் லண்டனைச் சேர்ந்த ஜோவன்னா மான்கிரீஃப் குழு அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று எழுதியது. “சர்க்கரை நோய்க்கு இன்சுலின் மாதிரி” என்று நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

ஆனால் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் தப்பாகிவிட்டால் மாத்திரையே வேலை செய்யாது என்று ஆகிவிடாது. உங்கள் வீட்டுக்காரருக்கு இடுப்பில் தைலம் தேய்த்தால் வலி குறைகிறது. தைலம் குறைந்துபோனதால் டிஸ்க் விலகியது என்று யாரும் சொல்லமாட்டோம். 2018இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 522 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு வந்தது. 21 வகை மருந்துகளும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிடக் கொஞ்சம் மேல் என்று தெரிந்தது. கொஞ்சம் என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். சிலருக்கு அந்தக் கொஞ்சம் போதும், எழுந்து உட்கார்ந்து அடுத்த காரியத்தைப் பார்க்க. உங்களுக்குத் தூக்கம் திரும்பியிருக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே தூக்கிப் போட வேண்டாம். இரண்டு மாதம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், மண்டைக்குள் கரண்ட் அடித்ததுபோல ஒரு வெட்டு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரலாம். அதைப் பார்த்து நோய் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். நிறுத்தும் நாள் வரும்போது டாக்டர் படிப்படியாகக் குறைப்பார். ராத்திரி மாத்திரையைப் பற்றி மட்டும் அடுத்த முறை கேளுங்கள்: “இது எத்தனை நாளைக்கு?” சீட்டைப் பார்க்காமல் நான் சொல்லக்கூடாது. பொதுவாகத் தூக்கத்துக்கென்று கொடுக்கும் சின்ன மாத்திரைகளில் சில பழக்கமாகிவிடக்கூடியவை. சில வாரங்களுக்கு என்று ஆரம்பித்து வருஷக்கணக்கில் ஓடுவதை நிறையப் பார்க்கிறோம். நீங்கள் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பேர் ஒட்டிக்கொள்ளுமா என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் தொழிலின் பழைய கணக்கு அவ்வளவு சுத்தமில்லை. 1851இல் அமெரிக்காவின் தென்பகுதியில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பின அடிமைகள் எஜமானிடமிருந்து ஓடிப்போவதை ஒரு மனநோய் என்று எழுதி, அதற்கு டிராபெட்டோமேனியா என்று பெயரும் வைத்தார். ஓடக்கூடியவன் நோயாளி, கட்டிவைத்தவன் ஆரோக்கியசாலி! 1973வரை ஒருபால் ஈர்ப்பும் அமெரிக்கப் பட்டியலில் நோய்தான். அப்புறம் வாக்கெடுத்து நீக்கினார்கள். டைபாய்டை அப்படி வாக்கெடுத்து நீக்க முடியாது.

இந்த வரலாறு தெரிந்துதான் நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை 2017இல் எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஒருவரின் பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகாததை வைத்தோ மனநோய் என்று தீர்மானிக்கக்கூடாது என்று மூன்றாவது பிரிவு சொல்கிறது. முன்பு சிகிச்சை எடுத்தது ஒன்றையே வைத்து இப்போதும் நோய் என்று சொல்லக்கூடாது என்றும் இருக்கிறது. மனநோய் என்று எழுதப்பட்டதாலேயே ஒருவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளவும் முடியாது. அதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்கும் உரிமை 23ஆம் பிரிவில் உங்களுக்கு இருக்கிறது. சென்டரில் சீட்டைக் காட்டு என்று யார் கேட்டாலும் காட்ட வேண்டியதில்லை. சட்டம் இப்படி, தெருவின் வாய் வேறு மாதிரி என்பது எனக்கும் தெரியும். “மென்டல்” என்ற சொல்லைச் சட்டம் போட்டு நிறுத்த முடியாது. மனச்சோர்வு பெரும்பாலானோருக்கு வந்து போகிற ஒன்று. பெயர் சீட்டில்தான் இருக்கும், அதுவும் அடுத்த சீட்டு வரும்வரை.

இப்போது என் மேசையில் இருக்கும் காகிதத்தில் உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு வாரக் கடனும் சேர்த்து வாரம் 1,470. மாதத்துக்குச் சுமார் 6,370. மாதக் கடன் 2,450 சேர்ந்தால் 8,820. உங்கள் கூலி மாதம் சுமார் 12,130, உரிமைத்தொகை வந்தால் 13,130. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் நுண்கடனுக்கு (உங்கள் குழுக் கடன் மாதிரியானதுதான்) விதி போட்டிருக்கிறது: ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக்கூடாது. உங்களுக்குப் பாதி என்றால் அதிகபட்சம் 6,565. முதல் இரண்டு கடனோடு மயிரிழையில் நின்றிருக்கிறது. மூன்றாவது எப்போது வாங்கினீர்கள்? வீட்டுக்காரர் படுத்தபின் என்றால், கொடுத்தவர்கள் உங்கள் வருமானம் என்று என்ன எழுதினார்கள் என்று கடன் அட்டையில் பாருங்கள். அந்த அட்டை உங்களுக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். நீங்கள் பேராசைப்பட்டுக் கடன் வாங்கியதாக உங்களையே திட்டிக்கொண்டிருப்பீர்கள், உங்கள் எழுத்தில் அது தெரிகிறது. கொடுத்தவருக்கும் ஒரு கணக்கு இருந்தது, அவர் அதைப் பார்க்கவில்லை.

அதே விதிகளில், காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக்கூடாது. மிரட்டக்கூடாது, கெட்ட வார்த்தை பேசக்கூடாது, உறவினரைத் தொந்தரவு செய்யக்கூடாது. பொதுவான ஓர் இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறை நீங்கள் வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். மீறினால் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதிக் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கத் தமிழ்நாட்டிலும் 2025இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. முதலாளியிடம் நிற்கும் 80,000ஐக் காட்டி வேறு பட்டறைக்குப் போகக்கூடாது என்று யாராவது சொன்னால், அது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் வரக்கூடிய விஷயம். இதையெல்லாம் தனியாகச் செய்ய முடியாது, வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, 15100. தவணையைத் தள்ளிப் போட, மூன்று கடனையும் பேசி நீட்டிக்க, அவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள்.

மனநல டாக்டர் கடன் விதி சொல்கிறாளே என்று நினைப்பீர்கள். அன்றைக்கு அந்த அம்மாளிடம் பஸ் டிக்கெட் பற்றிக் கேட்காமல் விட்டவள், அதனால்.

இன்னும் ஒன்று. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த ஆள் அந்தச் சென்டர் லீடர். பத்துப் பேர் முன்னால் உங்களை அவமானப்படுத்தினார், அது தப்பு. ஆனால் வாசலில் வந்து அழுதிருக்கிறார். நீங்கள் கட்டாவிட்டால் அவர்கள் தலையில் விழும் என்று குழுவைப் பின்னி வைத்திருக்கிறார்கள். அந்தப் பயம் அவரை உங்கள்மேல் ஏவுகிறது. ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், டாக்டர்கள் போதாத ஊரில் என்ன செய்வது என்று யோசித்து, சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சு போட்டுப் பயிற்சி கொடுத்த பாட்டிமார்களை உட்கார வைத்தார். அங்கே மனச்சோர்வு என்று சொல்ல மாட்டார்கள், “குஃபுங்கிசிசா”, அதிகமாக யோசிப்பது என்பார்கள். நம் பாட்டிகளும் “ரொம்ப யோசனை” என்றுதானே சொல்வார்கள்? பாட்டிகள் ஒருவரின் பிரச்சினைகளைக் கேட்டு, அதில் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு என்ன செய்யலாம் என்று கூட உட்கார்ந்து பார்ப்பார்கள். 573 பேரை வைத்துப் பரிசோதித்து 2016இல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்கள் ஆறு மாதத்தில் நன்றாகத் தேறியிருந்தார்கள். உங்களுக்குப் பாட்டி வேண்டாம், பெஞ்சும் வேண்டாம். செவ்வாய் தோறும் பத்துப் பெண்கள் ஒரே திண்ணையில் உட்காருகிறீர்கள். அந்த ஒன்பது கேள்வியை அங்கே கேட்டால் எத்தனை பேருக்கு 17 வரும் என்று எனக்கு ஒரு சந்தேகம். டியூ இல்லாத ஒரு நாள் பார்த்து அந்த லீடர் வீட்டுக்குப் போங்கள். அவர் எத்தனை கடன் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். ஒன்பது முதல் ஆறு விதியை அவரிடமும் சொல்லுங்கள். புகார் எழுதுவதானால் ஒருத்தி பெயரில் போவதைவிடப் பத்துப் பேர் கையெழுத்தோடு போகட்டும்.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். படிக்கிற பையன், வீடியோ பார்க்கிற நேரத்தில் இதைச் செய்யட்டும். ஒரு நோட்டில் தேதி, கிழமை, அம்மா எத்தனை மணிக்குத் தூங்கினாள், நெஞ்சடைப்பு வந்ததா, அன்றைக்கு என்ன நடந்தது என்று நாலு வாரம் எழுதி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஓபிக்குப் போகும்போது சீட்டோடு அந்த நோட்டையும் மூன்று கடன் அட்டையையும் எடுத்துப் போய் டாக்டர் மேசையில் வையுங்கள். அவருக்கு இரண்டு நிமிஷம்தான் இருக்கும். நோட்டைத் திறந்து கிழமைப் பக்கத்தைக் காட்டுங்கள். மாத்திரை தீர நாலு நாள் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள், வியாழனும் செவ்வாயும் இல்லாத நாளாகப் பார்த்து.